ரைன்: காவுபில் 40 செ.மீ என்றால் ஆற்றில் உண்மையில் எவ்வளவு தண்ணீர்?

கேள்விக்குறி
மழை பொய்த்த கோடையென்றால் ஜெர்மன் செய்திகளில் ஒரே பல்லவிதான்: "காவுபில் ரைன் 40 சென்டிமீட்டருக்குக் கீழே." முழங்காலளவு தண்ணீரில் 110 மீட்டர் நீளக் கப்பல் எப்படிப் போகும்? அதுவும் காவுப் என்பது திராட்சைச் சரிவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். அந்த ஊர் எண்ணை வைத்து ரோட்டர்டாமிலிருந்து பாசல் வரை எல்லாரும் கணக்குப் போடுவது ஏன்?

சுக்கான்
அது ஆழம் இல்லை, கரையில் இருக்கும் நீர்மட்ட அளவுகோல் காட்டும் எண். அளவுகோலின் சுழியம் ஆற்றின் அடித்தளத்தில் இல்லை, ஏதோ ஒரு காலத்தில் நிர்ணயித்த உயரத்தில் இருக்கிறது. அதனால் தண்ணீர் சுழியத்தைத் தொட்டாலும் ஆறு வற்றிவிட்டது என்று பொருளில்லை.

கணக்கு இப்படி. ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு "ஒப்புக் குறைநீர் மட்டம்" வைத்திருக்கிறார்கள். பனிக்கட்டி இல்லாத நாட்களில், நீண்டகாலச் சராசரிப்படி ஆண்டுக்குச் சுமார் 20 நாள் மட்டுமே தண்ணீர் அதற்குக் கீழே இறங்கும். காவுபில் அது 78 செ.மீயை ஒட்டி இருக்கிறது. அந்த மட்டத்தில் கப்பல் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கவேண்டும் என்பது பராமரிப்பு இலக்கு. ஆகவே:

தடத்தின் ஆழம் = 190 + (அளவுகோல் எண் − 78)

சுருக்கமாக, எண்ணோடு 112ஐக் கூட்டுங்கள். 40 என்றால் 1.52 மீட்டர். 2018 அக்டோபர் 22 அன்று காவுப் 25 செ.மீக்கு இறங்கியது, இதுவரை பதிவானதில் அதுதான் மிகக் குறைவு. அன்றைக்கும் தடத்தில் 1.37 மீட்டர் இருந்தது.

நீர்க்காகம்
சுக்கான் சொன்னதைச் சரக்குக் கணக்காக மாற்றினால்தான் விஷயம் புரியும்.

ரைனில் அதிகம் பார்ப்பது 110 மீட்டர் நீளம், 11.45 மீட்டர் அகலமுள்ள சரக்குக் கப்பல். முழுச்சுமையில் 3.50 மீட்டர் வரை அமிழும், சுமார் 3,000 டன் ஏற்றும். நீளம், அகலம், 10 செ.மீ மூன்றையும் பெருக்கி, முனைகள் வளைந்திருப்பதற்காகக் கொஞ்சம் கழித்தால், 10 செ.மீ அமிழ்வுக்கு ஏறக்குறைய 110 டன். வெறுங்கப்பலே ஒரு மீட்டரை ஒட்டி அமிழ்ந்திருக்கும். அடிப்பலகைக்குக் கீழே 20 செ.மீ இடைவெளி விடுவதாக வைத்துக்கொள்வோம்.

காவுப் 250: அநேகமாக முழுச்சுமை.
காவுப் 150: தடம் 2.62, அமிழ்வு 2.40, சரக்கு 1,500 டன். பாதி போச்சு.
காவுப் 80: அமிழ்வு 1.70, சரக்கு 750 முதல் 800 டன்.
காவுப் 40: அமிழ்வு 1.30, சரக்கு 300 டன் சொச்சம்.

எல்லாம் தோராயம்தான், கப்பலுக்குக் கப்பல் மாறும். அதே மாலுமிகள், ஏறக்குறைய அதே எரிபொருள், பத்தில் ஒரு பங்கு சரக்கு. அதனால்தான் ஒப்பந்தங்களிலேயே "குறைநீர்க் கூடுதல் கட்டணம்" என்று படிப்படியாக எழுதிவைத்திருப்பார்கள். மேல் ரைனுக்குப் போகும் சரக்கு காவுப் எண்ணையும், கீழ் ரைனில் நிற்பது டூயிஸ்பர்க்–ரூரோர்ட் எண்ணையும் பார்க்கும். தண்ணீர் குறிப்பிட்ட எல்லைக்கும் கீழே போனால் ஏற்றியே ஆகவேண்டும் என்ற கடமையும் போய்விடும்.

கேள்விக்குறி
அப்படியானால் 40க்குக் கீழே அரசு போக்குவரத்தை நிறுத்திவிடுமா? செய்தியில் "மூடப்படும் அபாயம்" என்று வந்ததே.

சுக்கான்
செய்தியில் தப்பாக வரும் இன்னொன்று இது. குறைநீருக்கு ரைனில் தடை கிடையாது. போகலாமா, எவ்வளவு ஏற்றலாம் என்பது கப்பல் தலைவன் பொறுப்பு. தடை இருப்பது பெருக்குக்குத்தான். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குறிகள் உண்டு. கொலோனில் முதல் குறி 6.20 மீட்டர், இரண்டாவது 8.30. காவுபில் 4.60, 6.40. முதல் குறியைத் தாண்டினால் கரையிலிருந்து விலகி ஆற்றின் நடுப்பகுதியில் மட்டும் போகவேண்டும், வேகம் கரையைக் கணக்கிட்டு மணிக்கு 20 கி.மீக்கு மேல் கூடாது. ஊறிப்போன கரையை அலை அரிக்கக்கூடாது என்பதற்காக. இரண்டாவது குறியைத் தாண்டினால் எல்லாம் கட்டி நிறுத்தம்தான்.

குறைநீரில் தலைவன் பார்க்கும் விஷயங்கள் வேறு.

ஒன்று, ஏற்றும் அன்றைய எண் உதவாது. ரோட்டர்டாமில் ஏற்றினால் காவுபுக்கு வந்துசேர இரண்டு மூன்று நாள். வந்துசேரும் நாளின் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் ஏற்றவேண்டும். நடுவில் தண்ணீர் 10 செ.மீ இறங்கினால் 110 டன்னை வழியில் வேறு படகுக்கு மாற்றவேண்டி வரும். மாற்றும் கூலி, காத்திருப்பு எல்லாம் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும்.

இரண்டு, வேகம். ஆழமில்லாத இடத்தில் கப்பல் வேகமாகப் போனால் அடியில் தண்ணீர் விரைந்து ஓடி அழுத்தம் குறையும், கப்பல் கீழே இழுபடும். வேகம் இரட்டித்தால் இந்த இழுப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. 20 செ.மீ இடைவெளி வைத்தவன் அவசரப்பட்டால் அந்த 20ம் இருக்காது. பின்முனை கனத்து, சுக்கானைத் திருப்பினால் எதிர்வினை மந்தமாகி, பின்னாலேயே பெரிய அலை துரத்திவந்தால் தரை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைக்கவேண்டும்.

மூன்று, திசை. மேல்நோக்கிப் போகும்போது முகப்பு தட்டினால் நீரோட்டமே பின்னுக்குத் தள்ளிவிடும், தப்பிக்கலாம். கீழ்நோக்கி வரும்போது தட்டினால் முகப்பு நின்றுவிடும், பின்முனையை ஓட்டம் சுழற்றும், கப்பல் ஆற்றுக்குக் குறுக்கே படுக்கும். அப்புறம் எல்லாருக்கும் வழி அடைப்பு.

ஓடக்கரை
>> காவுப் எண்ணை ஏன் எல்லாரும் பார்க்கிறார்கள்

இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தடத்தின் இலக்கு ஆழம் ஊருக்கு ஊர் வேறு. டச்சு எல்லையிலிருந்து கீழ் ரைனில் 2.80. அதற்கு மேலே கோப்ளன்ஸ் வரை 2.50. கோப்ளன்ஸிலிருந்து சாங்க்ட் கோவார் வரை 2.10. சாங்க்ட் கோவாரிலிருந்து மைன்ஸ் பக்கத்து புடன்ஹைம் வரை மட்டும் 1.90. அதைத் தாண்டினால் இஃபெட்ஸ்ஹைம் வரை மறுபடி 2.10. சங்கிலியில் மெலிந்த கண்ணி அந்த 1.90 தான். லுட்விக்ஸ்ஹாஃபன் ரசாயன ஆலைக்கும், மான்ஹைம் துறைமுகத்துக்கும், பாசலுக்கும் போகிறவர்கள் எல்லாரும் அதைக் கடந்தாகவேண்டும்.

அந்த 1.90ஐயும் 2.10 ஆக்கிவிட்டால் என்ன? அதற்கான திட்டம் இருக்கிறது. ஆறே ஆறு திட்டுகள்தான் தடை: ஓஸ்ட்ரிஷ், கெம்ப்டன் தடம், லோர்ஹ் தீவு, பாகராக் தீவு, யுங்ஃபர்ன்கிரண்ட், கைசன்ரூக்கன். 20 செ.மீ கிடைத்தால் நீர்க்காகம் கணக்குப்படி ஒரு நடைக்கு 220 டன் கூடுதல். எத்தனை லாரி குறையும் பாருங்கள். இவ்வளவு ஆண்டு இழுப்பது வெறும் தாமதம் என்றுதான் சொல்வேன்.

கூழாங்கல்
தாமதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "திட்டைச் செதுக்கிவிட்டால் போதும்" என்ற எண்ணத்தில் ஓட்டை இருக்கிறது.

அந்தத் திட்டுகளே இயற்கையான தடுப்பணைகள். பாறை நெஞ்சை நிமிர்த்தி நிற்பதால்தான் அதற்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. 20 செ.மீ செதுக்கினால் மேல்பக்க நீர்மட்டமும் கூடவே இறங்கும். இங்கே ஆழம் கிடைக்கும், இரண்டு கிலோமீட்டர் மேலே அது குறைந்துவிடும். அதனால் செதுக்குவதோடு நிற்காமல், பக்கவாட்டில், கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் கல்லணைகள் கட்டி ஓட்டத்தை ஒடுக்கி, மட்டத்தைத் தூக்கிப்பிடிக்கவேண்டும். கல்லணையைத் தப்பான இடத்தில் வைத்தால் கூழாங்கல் வேறோர் இடத்தில் போய்க் குவிந்து புதுத் திட்டு முளைக்கும். தீவுகளுக்குப் பின்னால் இருக்கும் அமைதியான கிளைகளில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன, அங்கே ஓட்டம் நின்றால் சேறு படிந்துவிடும். பெருக்கின்போது அதே கல்லணை மட்டத்தை உயர்த்தவும் கூடாது. இவ்வளவையும் மாதிரி வைத்துச் சோதிக்காமல் கை வைக்க முடியாது.

ஆற்றை அவசரமாகத் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மேல் ரைனே சாட்சி. 1817இல் பொறியாளர் துல்லாவின் திட்டப்படி வளைவுகளை வெட்டி நேராக்கத் தொடங்கினார்கள், 1876 வரை வேலை நடந்தது. ஆறு 80 கி.மீ சொச்சம் சுருங்கியது. சதுப்பு வற்றி மலேரியா ஒழிந்தது, வயல் கிடைத்தது, எல்லாம் உண்மை. ஆனால் குறுகிய ஆறு வேகமெடுத்துத் தன் அடித்தளத்தையே தோண்டியது, நிலத்தடி நீர் இறங்கியது. பிறகு மின்சாரத்துக்காகக் கெம்ப்ஸ் (1932) தொடங்கி இஃபெட்ஸ்ஹைம் (1977) வரை பத்து அணைகள். அணை கூழாங்கல்லைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடைசி அணைக்குக் கீழே பசித்த தண்ணீர் மீண்டும் தோண்டும்.

அதற்கு மருந்தாக 1978 முதல் இஃபெட்ஸ்ஹைமுக்குக் கீழே அடி திறக்கும் படகுகளில் சரளைக்கல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 1,80,000 கன மீட்டர் அளவில். நிறுத்தினால் அடித்தளம் இறங்கும், இஃபெட்ஸ்ஹைம் பூட்டணையின் (கப்பலை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவு அறை) வாசற்படியில் ஆழம் போதாமல் கப்பல் உள்ளே நுழைய முடியாது. வருடாவருடம் ஆற்றுக்குக் கல் ஊட்டும் கடன் அது, அடைக்க முடியாத கடன்.

ஓடக்கரை
சரி, "செதுக்கினால் போதும்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். கல்லணையோடு சேர்த்துச் செய்யச்சொல்கிறேன். ஆனால் வேறு வழி என்ன? இன்னொரு அணையா?

கூழாங்கல்
அணைக்கு இடமே இல்லை. இஃபெட்ஸ்ஹைமிலிருந்து நெதர்லாந்தின் வால் (Waal) என்ற கிளை வழியாகக் கடல் வரை தடையில்லாத ஆறு, பூட்டணை ஒன்றுகூடக் கிடையாது. கப்பல்காரர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

கப்பலை மாற்றுவது ஒரு வழி. லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலைக்காக 2023இல் ஓடவந்த "ஸ்டோல்ட் லுட்விக்ஸ்ஹாஃபன்" 135 மீட்டர் நீளம், 17.5 மீட்டர் அகலம். அகலம் கூடியதால் குறைவாக அமிழும். காவுப் 30 செ.மீ இருக்கும்போதும் 800 டன் கொண்டுபோகும்படி வடிவமைத்தார்கள். ஆனால் எல்லாரும் அப்படிக் கட்ட முடியாது. அகலமான கப்பல் சின்னப் பூட்டணைகளுக்குள் நுழையாது, நெக்கார், மைன் பக்கம் போகவே முடியாது.

கையில் இருக்கும் எளிய வழி, சரக்கை இரண்டு உடல்களில் பரப்புவது. கப்பலோடு ஒரு தள்ளுபடகைக் கோத்து, 600 டன்னை ஒன்றில் ஏற்றாமல் முந்நூறு முந்நூறாகப் பிரித்தால் இரண்டும் கொஞ்சமாகவே அமிழும். அதனால் வறட்சிக் காலத்தில் ஆற்றில் கப்பல் குறையாது, நெரிசல்தான் கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று தோன்றும்.

கேள்விக்குறி
ஆல்ப்ஸ் பனியும் போடன் ஏரியும் இருக்கும்போது ஏன் வற்றுகிறது? கோடையில் பனி உருகுமே?

கூழாங்கல்
பாசலில் ரைன் பனி ஆறு, கோடைத் தொடக்கத்தில்தான் நிறைந்திருக்கும். கொலோனில் மழை ஆறு, குளிர்காலத்தில் நிறையும். நடுவில் சேரும் நெக்கார், மைன், மோசல் மூன்றும் மழையை நம்பியவை. இதில் மோசல் கோப்ளன்ஸில் சேர்கிறது, அதாவது காவுபுக்குக் கீழே. மோசலில் மழை கொட்டினாலும் காவுபுக்கு ஒரு சொட்டும் உதவாது. ஆகஸ்டுக்குப் பிறகு பனிநீர் தேயும், மழை இன்னும் தொடங்காது. அந்த இடைவெளியில்தான் காவுப் தரை தட்டும். 2018இல் இலையுதிர் மழையும் வராததால் இடைவெளி நீண்டது. அப்போது ஆற்றின் நடுவில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் சுங்கக்கோட்டைக்குக் கால் நனையாமல் நடந்தே போனார்கள். பனி குறைந்த ஆண்டுகள் கூடக்கூட இந்த இடைவெளி முன்கூட்டியே தொடங்கும்.

வெள்ளமானி
எல்லாரும் வறட்சியையே பேசுகிறீர்கள். கரையில் வீடு வைத்திருப்பவனுக்குப் பெருக்குதான் கவலை. கொலோன் அளவுகோல் 1993 டிசம்பரில் 10.63 மீட்டர், பதின்மூன்று மாதம் கழித்து 1995 ஜனவரியில் 10.69. அதே 1995இல் நெதர்லாந்தில் கரை உடையும் என்று பயந்து சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகுதான் கொலோனில் கழற்றி மாட்டும் அலுமினியச் சுவர்கள் பெரிய அளவில் வந்தன. தூண்களை நட்டு, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, மேலிருந்து இறுக்குவார்கள்.

ஆனால் கரையோர வீட்டுக்குள் தண்ணீர் வருவது பெரும்பாலும் ஆற்றுப் பக்கமிருந்து இல்லை. முதலில் சாக்கடைக் குழாய் வழியாக. பின்னோட்டத் தடுப்பு வால்வு இருந்தும் அதில் குப்பை சிக்கி மூடாமல் போவது சகஜம், மாரிக்கு முன்னால் திறந்து சுத்தம் செய்யவேண்டும். இரண்டாவதாக நிலத்தடி நீர். சரளை மண்ணானதால் ஆறு ஏறினால் ஒன்றிரண்டு நாளில் நிலத்தடியிலும் ஏறிவிடும்.

அதிகம் பேர் செய்யும் தப்பு: நிலவறையில் தண்ணீர் புகுந்ததும் பம்பு வைத்து இறைப்பது. வெளியே தண்ணீர் நிலவறைத் தரைக்கு மேல் 2 மீட்டர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 2 டன் விசை மேலே தள்ளும். 100 சதுர மீட்டர் நிலவறைக்கு 200 டன். உள்ளே காலியாக இருந்தால் தரை வெடிக்கும், இலேசான வீடு அப்படியே மிதக்கவும் பார்க்கும். இறைப்பதற்குப் பதில் சுத்தமான குழாய்த் தண்ணீரை விட்டு நிரப்புவதே மேல், சேறும் எண்ணெயும் கலந்த ஆற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பே. வெளியே மட்டம் இறங்க இறங்க, அதே அளவில் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கவேண்டும்.

எண்ணெய்த் தொட்டியையும் மறக்கக்கூடாது. வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, நிறைந்த தொட்டியும் மிதக்கும். குழாய் பிய்ந்தால் எண்ணெய் சுவரில் ஊறும், அந்த வாடை எந்தச் சுண்ணாம்புக்கும் போகாது. சுவரையே பெயர்த்தெடுக்க வேண்டி வரும். தொட்டியைத் தரையோடு பட்டையால் பிணைத்து, காற்றுக்குழாயை வெள்ள மட்டத்துக்கு மேலே நீட்டவேண்டும்.

பாசல்வாசி
மேல இருக்கிற எங்கட பக்கத்தையும் எழுதுவம். பாசலிலை கோடையிலை சனம் ரைனிலை நீந்திறதைப் பாத்திட்டு, கீழ கொலோன், டூசல்டோர்ஃப் பக்கம் போய் அதே மாதிரி இறங்கினா ஆபத்து. ரெண்டும் ஒரு ஆறு எண்டு நினைக்கக்கூடாது.

பாசலிலை ஒழுங்கு இருக்கு. கிளைன்பாசல் கரையோடதான் நீந்தவேணும், மற்றப் பக்கம் கப்பல் பாதை. உடுப்பை "விக்கல்ஃபிஷ்" எண்ட மீன் வடிவப் பையுக்குள்ள போட்டு, வாயை ஏழு தரம் சுருட்டிப் பூட்டினா தண்ணி போகாது. ஏழுக்குக் குறைய சுருட்டினா காற்று போய் பை நனையும். பாலத் தூணுக்கு நேர மிதந்து போகக்கூடாது, தூரத்திலேயே விலகவேணும். ட்ரைரோசன் பாலத்துக்கு முன்னம் கரையேறிப் போடவேணும், அதுக்குப் பிறகு துறைமுகம்.

அங்க பாலங்களுக்கு இடையில ஓடுற நாலு ஓடங்களுக்கும் எஞ்சின் இல்லை. ஆத்துக்குக் குறுக்க உயரத்திலை ஒரு கம்பி, அதிலை ஓடுற உருளையிலை இருந்து ஓடத்துக்குக் கயிறு. ஓட்டி கயிறு பிணைச்ச முனையை ஓடத்தின்ர மற்றப் பக்கத்துக்கு மாத்தினா ஓடம் சரிஞ்சு நிக்கும், ஓட்டமே அதைப் பக்கவாட்டிலை தள்ளிக்கொண்டு போகும். ஆறு மெலிஞ்சா ஓடமும் மெதுவா ஊரும், பெருக்கெண்டா ஓடமில்லை.

சுக்கான்
பாசல்வாசி சொன்ன ஆபத்துக்குக் காரணம் கல்லணைகள். கீழ் ரைனில் கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்லணைகளுக்கு நடுவில் மணற்கரை, தண்ணீர் அமைதி, பார்த்தால் குளம் மாதிரி இருக்கும். பெரிய கப்பலோ தள்ளுபடகுத் தொடரோ கடக்கும்போது முதலில் அந்தக் குளத்திலிருந்து தண்ணீர் உள்வாங்கும், கணுக்காலளவில் நிற்கிற குழந்தையை அதுவே இழுக்கும். சில நொடிகளில் அலை திரும்பி வந்து மோதும். கல்லணை முனையில் எப்போதும் சுழல் உண்டு. அங்கே எதிர்த்து நீந்தினால் சோர்வுதான் மிச்சம், ஓட்டத்தோடு போய்ச் சாய்வாகக் கரையைப் பிடிக்கவேண்டும்.

கேள்விக்குறி
கடைசியாக ஒன்று. லோரலைப் பாறைதான் ரைனிலேயே ஆபத்தான இடம் என்கிறார்களே, அங்கேயும் ஆழக்குறைவா?

நீர்க்காகம்
நேர்மாறு. அங்கே ஆறு ஒடுங்கி 20 மீட்டருக்கும் மேல் ஆழமாக ஓடுகிறது. ஆபத்து வளைவில்தான். கீழ்நோக்கி வரும் நீண்ட கப்பல் வளைவில் பின்முனையை அகலமாக வீசித் திரும்பும், எதிரில் வருபவனுக்கு இடமே மிஞ்சாது. அதனால் ஓபர்வேசலுக்கும் சாங்க்ட் கோவாருக்கும் நடுவில் கரையோர விளக்குக் கம்பங்கள் வைத்து, மேலிருந்து என்ன அளவுக் கப்பல் வருகிறது என்று ஏறுகிறவனுக்குக் காட்டுகிறார்கள். ஏறுகிறவன்தான் ஒதுங்கிக் காத்திருக்கவேண்டும். எந்தப் பக்கம் கடப்பது என்று முடிவு சொல்வதும் ஏறுகிறவன்தான். வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் வலப்பக்கமாகக் கடக்கவேண்டுமானால் நீலப் பலகையும் வெள்ளை மினுக்கு விளக்கும் காட்டுவான், இறங்குகிறவன் அதையே திருப்பிக் காட்டவேண்டும்.

2011 ஜனவரி 13 அன்று "வால்ட்ஹோஃப்" என்ற தொட்டிக்கப்பல் அங்கே கவிழ்ந்தபோதும் காரணம் பாறை இல்லை. சுமார் 2,400 டன் கந்தக அமிலம், தொட்டிகள் விளிம்பு வரை நிரம்பவில்லை. பாதி நிரம்பிய தொட்டியில் திரவம் சாய்ந்த பக்கமே ஓடும், கப்பல் நிமிர்வதற்குப் பதில் இன்னும் சாயும். பெருக்கு நாள், வளைவு இரண்டும் சேர்ந்ததும் கவிழ்ந்துவிட்டது. இருவர் இறந்தார்கள், ஆறு வாரக்கணக்கில் அடைபட்டது.

குறைநீரிலும் தொட்டிக்கப்பல்காரர்களுக்கு இதே தலைவலி உண்டு. சுமை குறைகிறதென்று எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றக்கூடாது. சில தொட்டிகளை நிறைத்து, மற்றதைக் காலியாக விடவேண்டும், அதுவும் கப்பலின் நடு முதுகு வளையாதபடி முன்னும் பின்னும் பங்கிட்டு. ஏற்றும் முன்பே கணினியில் நிலைப்புக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.